காப்புக் கட்டாத வீடு

உள்ளறையில் டங், டங், டங் என்று மூன்று தரம் சத்தம் கேட்டது. எவர்சில்வர் டம்ளரை இரும்புக் கட்டிலின் சட்டத்தில் தட்டும் சத்தம்.

“தண்ணி கேக்குறாரு. இருண்ணே, குடுத்துட்டு வந்துர்றேன்” என்று எழுந்தாள் பிரகதீஸ்வரி.

“மூணு தட்டுனா தண்ணியா?”

“ஆமா. ரெண்டு தட்டுனா பொரட்டிப் படுக்க வைக்கணும். ஒண்ணுன்னா சும்மா, நான் வீட்ல இருக்கேனான்னு பாக்குறது.”

 முனியசாமி கையிலிருந்த தாளைத் தொடை மேல் வைத்து நீவிக்கொண்டிருந்தார். நாற்பது நாளைக்குப் பிறகு இன்றுதான் தங்கை வீட்டுக்குள் காலை வைத்திருக்கிறார். அதுவும் அண்ணனாக வரவில்லை, முத்துமாரியம்மன் கோயில் திருவிழாக் கமிட்டித் தலைவராக வந்திருக்கிறார்.

அவள் திரும்பி வந்ததும் தாளை நீட்டினார். “படிச்சுக் காட்டவா?”

“எனக்கே தெரியும்ணே. எட்டாவது வரைக்கும் ஒன் பழைய புத்தகத்த வச்சுத்தான் படிச்சேன்.”

தாளில் நாலே வரி. ‘நான் தெரியாமல் வேறு மதத்துக்குப் போய்விட்டேன். இனி அந்தப் பக்கம் போக மாட்டேன். ஊர் வழக்கப்படி நம் கோயிலுக்கே வருவேன். ஊர் என்னை மன்னிக்க வேண்டும்.’ அதன் கீழே அவள் கையெழுத்துக்காக ஒரு விரற்கடை இடம்.

“சாயந்தரம் காப்புக் கட்டு. அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டா ஒன் வாசல்லயும் மஞ்சத்தண்ணி தெளிச்சு வேப்பலை சொருகிருவாங்க. பழசெல்லாம் அதோட போச்சு” என்றார் முனியசாமி.

“போடலைன்னா?”

“இத்தன நாள் ஊரு பேசாம இருந்துச்சு. இனி சாகுற வரைக்கும் பேசாது. மாப்ளைக்கு நாளைக்கு ஒண்ணுன்னா தூக்குறதுக்கு நாலு பேரு வர மாட்டான். நானும்...”  சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “நானும் வர முடியாதுத்தா. ஊருக்குத் தலைவன்னு ஒக்காந்துக்கிட்டு நானே மீற முடியுமா?”

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒம் பேரு யாரு வச்ச பேரு தெரியுமா? திருக்கோகர்ணத்து அம்மன் சன்னதியில ஒன்னயக் கெடத்தி அப்பா வச்ச பேரு. அந்தப் பேரச் சொமந்துக்கிட்டா இப்புடிப் பண்ணுற?”

“பேர மாத்தலயேண்ணே. பாஸ்டரு ரூத்துன்னு வைக்கலாம்னாரு. எங்கப்பா வச்ச பேரு, கெடக்கட்டும்னுட்டேன்.”

 முனியசாமி பேனாவைத் தையல் மிஷின் மேல் வைத்தார். “யோசி” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கீரனூருக்கு மேற்கே உள்ள அந்த ஊரில் மூன்று வருடத்துக்கு முன்பு வரை பிரகதீஸ்வரியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. ஊர்ப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவள்தான் ஜாக்கெட் தைப்பாள். கணவன் பழனிச்சாமி நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுவான். குழந்தை இல்லை. அண்ணன் மகள் ரஞ்சிதாவைத் தன் பிள்ளைபோல் தூக்கி வளர்த்தவள். அண்ணன் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு ரஞ்சிதாவுக்குத் தலைவாரிப் பின்னியதும், கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் தைத்ததும், வண்டி ஏறும்போது கட்டிப்பிடித்து அழுததும் இந்த அத்தைதான்.

அறுப்பு முடிந்த ஒரு மத்தியானம் பழனிச்சாமி வரப்பில் உட்கார்ந்தபடியே சாய்ந்தான். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தபோது, அங்கே தரை துடைக்கும் சந்தனமேரி தினமும் வேலை முடிந்ததும் அவள் பக்கத்தில் வந்து உட்காருவாள். பேச மாட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள். அந்தக் கையின் சூடு பிரகதீஸ்வரிக்கு வேண்டியிருந்தது. “அவர எந்திரிச்சு நடக்க வச்சிருவாரா ஒங்க சாமி?” என்று கேட்டாள். “கேட்டுப் பாருங்கக்கா” என்றாள் சந்தனமேரி.

அப்படித்தான் போனாள். உள்ளதைச் சொன்னால், பேரம் பேசப் போனாள். கீரனூரிலிருந்து பாஸ்டர் சார்லஸ் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவள் வீட்டு முன்னறைக்கே வந்து ஜெபம் நடத்தினார். ஆறேழு பேர் கூடுவார்கள். அவர் சொல்லித் தந்த வார்த்தைகளை அவர் சொன்ன சத்தத்திலேயே சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் ஜெபம் முடிந்ததும் உள்ளே ஓடிப்போய்க் கணவனின் கால் விரல் அசைகிறதா என்று பார்ப்பாள். இரண்டு வருடம் பார்த்தாள். அசையவில்லை.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபத்தின் நடுவில் இருபது பேர் உள்ளே வந்தார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள். அவள் தைத்த சட்டையைப் போட்டவர்களும் அதில் உண்டு. பாஸ்டரின் காலரைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்கள். அவருடைய மோட்டார் சைக்கிள் டயரைக் கிழித்தார்கள். வேதபுத்தகம் பின்னால் இருந்த கிணற்றில் விழுந்தது. கட்டிலில் கிடந்த பழனிச்சாமி, கைக்கு எட்டிய டம்ளரால் கட்டில் சட்டத்தை அடித்துக்கொண்டே இருந்தான். அத்தனை கூச்சலிலும் அந்தச் சத்தம் ஒன்றுதான் அவள் காதில் விழுந்தது.

அன்று மாலையே ஊர்க்கூட்டம் போட்டு, அந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது என்று முடிவு செய்தார்கள். முடிவை அறிவித்தவர் முனியசாமி.

பாஸ்டர் போனில் அழைத்தார். “சிஸ்டர், பிரச்சனை அடங்குற வரைக்கும் நான் அங்கிட்டு வராம இருக்குறது ஒங்களுக்கும் நல்லது. வீட்டுலயே ஜெபம் பண்ணுங்க.” அவர் மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. காலர் கிழிந்தது அவருக்குத்தானே.

சந்தனமேரிதான் துடித்தாள். “கலெக்டர் ஆபீஸ்ல மனுக் குடுங்கக்கா. தள்ளி வைக்கிறதெல்லாம் சட்டப்படி தப்பு.”

“மனுவுல மொதப் பேரா யாரு பேர எழுதுறது மேரி? எங்க அண்ணன் பேரையா?”

ஊர்க்கூட்டத்துக்கு மறுநாளிலிருந்து தைக்கக் கொடுத்த துணிகளைத் திரும்ப வாங்கிப் போனார்கள். சின்னப்பிள்ளை என்ற பெண், இவள் அதுவரை ஒரு கை மட்டும் வைத்துத் தைத்திருந்த தன் ஜாக்கெட்டை, “இப்புடியே இருக்கட்டும்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிப் பிடுங்கிக்கொண்டு போனாள். குழாயடியில் இவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொள்வார்கள். நூறு நாள் வேலையில் இவள் வெட்டும் வரிசையில் இவள் மட்டும். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். எதிரே வருகிறவர்கள் அவளை ஊடுருவிப் பின்னால் இருக்கிற மரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு போனதுதான் அவளைக் கொன்றது.

பத்து நாள் ஆயிற்று. கட்டிலில் பேச முடியாத கணவன். தெருவில் பேசாத ஊர். ஒரு நாள் அடுப்படியில் ரசத்தை நாக்கில் வைத்துப் பார்த்தவள், வாய்விட்டுச் சொன்னாள்: “உப்புக் கூடிப் போச்சே சாமி.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். யாரிடம் சொன்னோம்?

பாஸ்டர் சொல்லித் தந்த வார்த்தை இல்லை அது. கண்ணை மூடவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. பக்கத்தில் நிற்கும் ஆளிடம் சொல்வதுபோல் சொல்லியிருந்தாள். பக்கத்தில் ஆள் நிற்பதுபோலவே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் பேச்சை நிறுத்தவில்லை. துணி துவைக்கும்போது சொல்வாள். கணவனைக் குளிப்பாட்டும்போது சொல்வாள். “சின்னப்பிள்ளை ஒத்தக் கை ஜாக்கெட்ட என்ன பண்ணியிருப்பா சாமி?” என்று கேட்டு, தானே சிரிப்பாள். சில நாள் சண்டை போடுவாள். “ரெண்டு வருசம் கேட்டேன், ஒரு வெரல அசைக்கல நீ” என்று அழுவாள். அழுது முடித்த பிறகும் அந்த ஆள் போயிருக்க மாட்டார். ஊர் அவளிடம் பேச்சை நிறுத்தியிராவிட்டால் அவள் கடவுளிடம் பேசியே இருக்க மாட்டாள். அவளுக்கே அது வேடிக்கையாகத்தான் இருந்தது. கணவன் காலைப் பார்ப்பதை எப்போது விட்டோம் என்பதும் அவளுக்கு நினைவில்லை.

அதனால்தான் அன்றைக்கு, முனியசாமி போன பிறகு, பேனாவை எடுத்தவளின் கை நின்றது. போட்டுவிடத்தான் நினைத்தாள். பழனிச்சாமியைத் தூக்க நாலு பேர் வேண்டாமா? ஆனால் ‘தெரியாமல்’ என்ற சொல்லைத் தாண்டிப் பேனா போகவில்லை. நாற்பது நாளைக்கு முன்பு கேட்டிருந்தால் அது உண்மை. தெரியாமல்தான் போனாள். இப்போது தெரியும்.

“என்ன பண்ணட்டும், சொல்லு” என்று அந்த ஆளிடமே கேட்டாள். பதில் ஒன்றும் வரவில்லை. தாளை மடித்து மிஷின் டிராயரில் போட்டுவிட்டுக் கணவனைப் புரட்டிப் படுக்க வைக்கப் போனாள்.

மாலையில் பறையும் உறுமியும் முழங்க, பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால் அவள் உடம்பு சிலிர்க்கும், இன்றும் சிலிர்த்தது. பக்கத்து வீட்டு வாசலில் வேப்பிலை சொருகினார்கள். அவள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். முனியசாமியின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு தெரிந்தது. அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

காப்புக் கட்டிவிட்டால் அந்த ஊரில் பத்து நாளைக்கு ஒரு கட்டு உண்டு. யார் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். வெளியூரில் ராத் தங்கக் கூடாது. மீறினால் அம்மன் குற்றம். திருப்பூரில் வேலை பார்க்கும் பையன்கள்கூட வந்தால் வந்ததுதான். பத்து நாளும் திரும்ப முடியாது.

மூன்றாம் நாள் காலையில் ரஞ்சிதாவுக்கு வலி கண்டது. பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். நாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. கணவன் சிங்கப்பூரில். மாமியார் முழங்கால் ஆபரேஷன் செய்து படுத்திருந்தாள். கீரனூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, “குறைமாசம். புதுக்கோட்டைக்குக் கொண்டு போங்க. கூட ஒரு பொம்பளை தங்கணும்” என்று சொல்லிவிட்டார்கள்.

ஆம்புலன்ஸில் மகளோடு ஊருக்கு வந்து, ஆள் தேடி முனியசாமி ஊரெல்லாம் ஓடினார். ஒவ்வொரு வீட்டிலும் மஞ்சள் கயிறு கட்டிய கைகள் விரிந்தன. “பகல்ல வேணா வந்து இருக்கேன் மாமா. ராத் தங்க முடியாதே” என்றார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன, எல்லாருக்கும் பயம். அந்தக் கட்டை வருடா வருடம் ஒலிபெருக்கியில் அறிவித்தவரே அவர்தான்.

கயிறு கட்டாத பெண் அந்த ஊரில் ஒருத்திதான் இருந்தாள்.

வேலிக்கு வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. முனியசாமி படலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  ஜன்னலில் அவரைப் பார்த்ததுமே பிரகதீஸ்வரி வெளியே வந்தாள்.

“ரஞ்சிதாவா?”

அவர் தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. “ஒன்னத் தள்ளி வச்சோம்ல... அதனால நீ ஒருத்திதான்...”

“அதெல்லாம் அப்புறம் அழுவோம். கஞ்சி அடுப்புல இருக்கு. அவருக்கு ஸ்பூன்லதான் குடுக்கணும், எடது பக்கமா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காப் பொரட்டணும். செய்வியா? கையில கயிறு இருக்கேன்னு தள்ளி நின்னுறாத.”

“செய்றேந்தா. நீ ஏறு.”

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. வெளியே வந்த சிசுவை நர்ஸ் முதலில் கொடுத்தது அத்தையின் கையில்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த நாட்களில் மணிக்கொரு தரம் ரஞ்சிதாவிடம் பால் பீய்ச்சி வாங்கிக்கொண்டு ஓடியதும் அவள்தான். சந்தனமேரி மாலையில் சுடுதண்ணீரும் இட்லியும் கொண்டு வருவாள்.

“யார்கிட்ட அத்தை மொணமொணன்னு பேசிக்கிட்டே இருக்க?” என்று கேட்டாள் ரஞ்சிதா.

“ஒரு ஆளுகிட்ட.”

“போன்லயா? போனு இங்கல்ல கெடக்கு.”

“போனு வேணாம் அந்த ஆளுக்கு. ரீசார்ஜும் கெடையாது.”

ரஞ்சிதா சிரித்து, ஆபரேஷன் தையல் வலிக்க, “அய்யோ அத்தை” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “என்ன சொல்லிக்கிட்டு இருந்த?” என்றாள்.

“தம்பி அம்பது கிராம் ஏறிட்டான்னு.”

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். காப்புக் கட்டியவர் வீட்டுக்குப் பிரசவத் தீட்டோடு போகக் கூடாது. கயிறு அவிழ்க்கும் வரை தாயும் பிள்ளையும் தங்குவதற்கு ஊரில் ஒரே ஒரு வீடுதான் தோதாக இருந்தது. தள்ளி வைத்த வீட்டில் தலைவர் மகள் தங்கியிருப்பது ஊருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தது. வேண்டும்போது மூடிக்கொள்ளும் கண் ஊருக்கு உண்டு. அந்த மூன்று நாளும் பழனிச்சாமி டம்ளரைத் தொடவே இல்லை. குழந்தை அழும் பக்கமாகவே முகத்தை வைத்துக் கிடந்தான்.

பதினோராம் நாள் காலையில் ஆட்டோ வந்தது. மஞ்சள் நீராட்டு முடிந்திருந்தது. முனியசாமியின் வெறும் மணிக்கட்டில் கயிறு கிடந்த தடம் மட்டும் இருந்தது. ரஞ்சிதாவையும் குழந்தையையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்தார்.

“ஒண்ணு கேக்கணும்” என்றார். “நீ இல்லாத அஞ்சு நாளும் மாப்ளையக் குளிப்பாட்டுனேன்ல. மொத நாள், குளிப்பாட்டுனதும் நெத்தியக் காட்டுனாரு. எனக்கு வெளங்கல. அப்புறம் அலமாரியப் பாத்துக் கண்ணக் காட்டுனாரு. தொறந்தா, திருநீத்துக் கிண்ணம். நெறைய இருக்கு. நீதான் பூசி விடுறியா?”

“வேற யாரு?”

“தெனமுமா?”

“படுத்ததுல இருந்து தெனமுந்தான். பூசாட்டி அவரு கஞ்சி குடிக்க மாட்டாரே. பாஸ்டருகூடக் கோவிச்சுக்கிட்டாரு.”

 முனியசாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தைந்து வயதுத் தங்கையின் கையைச் சிறுபிள்ளைக் கையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டார்.

“கூட்டத்துல பேசிட்டேன்த்தா. கையெழுத்து வேணாம். மன்னிப்பு வேணாம். கோயில் வாசல்ல ஒரே ஒரு நிமிசம் வந்து நின்னு, பூசாரி குடுக்குற திருநீத்த வாங்கி நெத்தியில இட்டுக்க. நாலு பேரு பாத்தாப் போதும். வீட்டுக்குப் போயி அழிச்சுக்க, யாரு கேக்கப் போறா? பதினாறாம் நாள் பேரு வைக்கிறோம். நீதான் புள்ளைய மடியில வச்சுக்கணும். அவருக்குப் பூசுற கை, ஒனக்கு ஒரு வெரலு இழுத்துக்காதா?”

பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது.  அவள் கைகள் தாமாகவே மடிப்பக்கம் போயின. பிறகு புடவையைப் பற்றிக்கொண்டன.

“அவருக்குப் பூசுறது அவரு மனசுல இருக்குறதுக்குண்ணே. எனக்குப் பூசிக்கிட்டா அது பொய்யி. இட்டுட்டு வீட்டுல வந்து அழிக்கவா? அம்மன் வாசல்ல நின்னு அப்புடி ஒரு பொய்யச் சொல்லச் சொல்றியா? அந்தச் சன்னதிக்கு நான் அந்தக் கேவலத்தப் பண்ண மாட்டேன்.”

“ஒரு நிமிசந்தானடி.”

“ஒரு நிமிசந்தான். அப்புறம் அடுப்படியில நின்னு அவருகிட்ட நான் என்னன்னு பேசுவேன்? எனக்குப் பேச ஆளு இல்லாதப்ப வந்து நின்ன ஆளுண்ணே அது. நீயெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டப்ப.”

முனியசாமி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணனைக் குத்திவிட்டோமே என்று அவளுக்கு வலித்தது.

“கோவத்துல சொல்லல” என்றாள். “கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல.”

“அப்ப பேரு வைக்கிறதுக்கு ஒன்னக் கூப்பிட முடியாதுத்தா. ஊரு வந்து ஒக்காந்திருக்கும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதாண்ணே.”

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. குழந்தை விழித்து அழும் சத்தம் கேட்டது. 

“மாப்ளைக்கு...” என்றார் முனியசாமி. “குளிப்பாட்டுறதுக்கு... காலையில வெள்ளென, யாரும் எந்திரிக்காத நேரத்துல, கொல்லப் பக்கமா வந்தா... நீ ஒருத்தியாத் தூக்கிச் செரமப்படுற.”

“ஊரு?”

“ஊருக்குத் தெரிஞ்சா தெரியட்டும்” என்று சொன்னவர், தாம் சொன்னதற்குத் தாமே திடுக்கிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். “தெரியாமப் பாத்துக்குவோம்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “புள்ளைக்கு வெயிலு படாம துணியப் போத்தச் சொல்லு. நேரமாச்சு, போ.”

அவர் படலைத் தாண்டுவதை வாசற்படியில் நின்று பார்த்தாள். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஆட்டோவுக்குள்ளிருந்து ரஞ்சிதா, “அத்தை!” என்று கையை நீட்டினாள். முனியசாமியின் தோள்கள் குலுங்குவது அவளுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு நொடி அவள் அங்கே நின்றால் அவர் திரும்பிப் பார்த்துவிடுவார். தெருவே பார்த்துக்கொண்டிருக்க அழுதுவிடுவார். ஊர்த் தலைவர் அப்படி அழக் கூடாது.

“நீ கூடவே போயிட்டு வா சாமி” என்று முணுமுணுத்து, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.